வர்ச்சுவலைசேஷன் இயங்காத கணினி: கோளாறும் வாங்கியவரின் உரிமையும்

வன்பொருள் வர்ச்சுவலைசேஷன் என்பது ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டுவதற்கு பிராசசரே தரும் துணை. விண்டோஸ் 11 ஓடும் மேசைக் கணினியில் ஒரு ஜன்னலைத் திறந்து, அதற்குள் விண்டோஸ் எக்ஸ்பியையோ லினக்ஸையோ ஆண்ட்ராய்டையோ தனி இயந்திரமாக ஓட்டலாம். இன்டெல் இந்த வசதியை விடி-எக்ஸ் என்ற பெயரில் 2005 நவம்பரில் கொண்டுவந்தது. ஏஎம்டியின் வசதி 2006 மே மாதத்தில் வந்தது. இன்று விற்பனையாகும் பிராசசர்கள் அனேகமாக எல்லாவற்றிலும் இது உண்டு. இருந்தும் அது அணைந்த நிலையிலேயே வாங்கியவர் கைக்கு வந்து சேர்வதும், ஆன் செய்தாலும் ஆன் ஆகாமல் அடம்பிடிப்பதும் இன்றும் நடக்கின்றன.

திருப்பூர், பல்லடம், அவிநாசி வட்டாரப் பனியன் கம்பெனிகளுக்கு இந்தத் தேவை பெரும்பாலும் பழைய மென்பொருளால் வருகிறது. பேட்டர்ன் வரைய, அளவு வாரியாக கிரேடிங் செய்ய, மார்க்கர் போட உதவும் கேட் (CAD) மென்பொருளும், எம்பிராய்டரி டிசைனுக்கான பஞ்சிங் மென்பொருளும் எக்ஸ்பி, விண்டோஸ் 7 காலத்தில் பெரும் பணம் கொடுத்து வாங்கப்பட்டவை. உரிமத்தைச் சரிபார்க்கும் டாங்கிள் என்ற சிறு கருவியைச் செருகினால்தான் அவை திறக்கும். புதிய விண்டோஸிலோ அந்த டாங்கிளின் டிரைவர் ஏறுவதில்லை. எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8 அன்று நிறுத்தியது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11-ஓ இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்களை அனேகமாக ஏற்பதில்லை. எனவே கணினியை மாற்றியாக வேண்டும், மென்பொருளை மாற்றக் காசில்லை என்ற நிலையில், புதுக் கணினிக்குள் பழைய விண்டோஸை வர்ச்சுவல் மெஷினாக ஓட்டுவதே கைகொடுக்கும் வழி. யுஎஸ்பி டாங்கிளை உள்ளே ஓடும் விண்டோஸுக்குக் கடத்திவிட முடியும். பழைய பேரலல் போர்ட் டாங்கிளுக்கு மட்டும் இந்த வழி பெரும்பாலும் உதவாது.

இன்னொரு பயனும் உண்டு. வெளிநாட்டு பையரின் பெயரில் வரும் மின்னஞ்சலில் ‘பர்ச்சேஸ் ஆர்டர்’ என்று ஒரு கோப்பு இணைந்திருக்கும். திறந்ததும் கடவுச்சொற்கள் களவுபோகும். பிறகு இன்வாய்ஸில் வங்கிக் கணக்கு எண் மாறி, சரக்குக்கான பணம் வேறெங்கோ போய்ச் சேரும். ஏற்றுமதித் தொழிலைக் குறிவைக்கும் பழகிய மோசடி இது. சந்தேகத்துக்குரிய கோப்பைத் தனியறையில் திறந்து பார்க்க விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் இருக்கிறது. புரோ பதிப்பில் கிடைக்கும் அந்த வசதி ஹோம் பதிப்பில் இல்லை; வர்ச்சுவலைசேஷன் அணைந்திருந்தால் புரோவிலும் இயங்காது.

முதலில் எங்கே தடை என்று பார்ப்பது

இந்தக் கோளாறில் வீணாகும் பணத்தில் பெரும்பகுதி, தடை எந்த இடத்தில் என்று பாராமலே மதர்போர்டையோ பிராசசரையோ மாற்றச் சொல்வதால் வீணாவது. மெயின் ஸ்விட்ச் அணைந்து கிடக்க, ஓவர்லாக் மெஷினின் மோட்டாரைக் கழற்றுவதைப் போன்ற வேலை அது. தடை நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும்: பிராசசரில் வசதியே இல்லை, விண்டோஸ் எழுமுன் ஓடும் பயாஸில் அணைந்திருக்கிறது, விண்டோஸ் அதை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது, வேறொரு மென்பொருள் பிடித்து வைத்திருக்கிறது.

எது என்று கண்டுபிடிக்க டெக்னீஷியன் வேண்டியதில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியுவைத் தொட்டால், வரைபடத்துக்குக் கீழே ‘வர்ச்சுவலைசேஷன்’ என்று ஒரு வரி இருக்கும். அதற்கு எதிரே ‘டிஸேபிள்டு’ என்றிருந்தால் பிராசசரில் வசதி உண்டு, பயாஸில் அணைந்திருக்கிறது என்று பொருள். ‘எனேபிள்டு’ என்றிருந்தும் வர்ச்சுவல் மெஷினை ஓட்டும் வர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளோ ஆண்ட்ராய்டு எமுலேட்டரோ ‘வசதி இல்லை’ என்று சொன்னால், சண்டை விண்டோஸுக்குள் நடக்கிறது. பயாஸைத் தொட வேண்டிய வேலையே இல்லை. இன்னும் உறுதி வேண்டுமென்றால் ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்து, முதல் பக்கத்தின் கடைசி வரிகளைப் படிக்கலாம். அங்கே ஃபர்ம்வேரில், அதாவது பயாஸில், வர்ச்சுவலைசேஷன் திறந்திருக்கிறதா என்பதற்கு ‘எஸ்’ அல்லது ‘நோ’ என்று நேரடியாகவே பதில் இருக்கும். அந்த வரிகளுக்குப் பதிலாக ‘ஹைப்பர்வைசர் (வர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் அடித்தள மென்பொருள்) ஒன்று கண்டறியப்பட்டது’ என்ற செய்தி இருந்தால், வசதி திறந்திருக்கிறது, அதை விண்டோஸே பயன்படுத்திக்கொண்டிருக்கிறது.

பிராசசரிலேயே இல்லாத நிலை இப்போது அரிது. ஆனால் குறைந்த விலைக்கு வாங்கிய பழைய கணினிகளில் இன்னும் தலைகாட்டுகிறது. கோர் 2 டூயோவில் ஈ8400-க்கு இந்த வசதி உண்டு, ஈ4500-க்குக் கிடையாது; பென்டியம் ஈ5200-க்கும் கிடையாது. ‘கோர் 2 டூயோ’ என்ற ஸ்டிக்கரை மட்டும் பார்த்து எதையும் முடிவுசெய்ய முடியாது. ஈ8400 இருந்தாலும் மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வி கேட்கும் இரண்டாம் நிலை முகவரி மாற்ற வசதி அந்தத் தலைமுறையில் இல்லை. அது இன்டெலில் 2008-இல் வந்த முதல் கோர் ஐ7-இலிருந்துதான் தொடங்குகிறது. வர்ச்சுவல்பாக்ஸும் 6.1 பதிப்பிலிருந்து வன்பொருள் வர்ச்சுவலைசேஷனே இல்லாத பிராசசர்களைக் கைவிட்டுவிட்டது. இப்படிப்பட்ட கணினியில் எந்த அமைப்பை மாற்றினாலும் பயனில்லை. பிராசசர் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் பார்த்தால் உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

பயாஸுக்குள்

அணைந்திருப்பது பயாஸில் என்றால், கணினி எழும்போதே டெலீட் அல்லது எஃப்2 பொத்தானைத் தட்ட வேண்டும். ஹெச்பியில் எஃப்10, லெனோவோவின் அலுவலகக் கணினிகளில் எஃப்1. எழும் வேகத்தில் தட்ட முடியாவிட்டால் விண்டோஸ் செட்டிங்ஸில் ரெகவரி, அட்வான்ஸ்டு ஸ்டார்ட்அப் வழியாகவும் உள்ளே போகலாம்.

உள்ளே போனபின் பெயர்தான் குழப்பும். இன்டெல் போர்டில் ‘இன்டெல் வர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி’ என்றோ ‘விஎம்எக்ஸ்’ என்றோ இருக்கும். ஏஎம்டி போர்டில் ‘எஸ்விஎம் மோட்’ என்றிருக்கும். வர்ச்சுவலைசேஷன் என்ற சொல்லையே தேடிக்கொண்டிருப்பவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். ஏஎம்டி பிராசசர் போட்டு அசெம்பிள் செய்த கணினிகளில் இது அணைந்தே வருவது சகஜம். இடமும் போர்டுக்குப் போர்டு மாறும். ஆசஸில் அட்வான்ஸ்டு பக்கத்தின் சிபியு கான்ஃபிகரேஷன், எம்எஸ்ஐயில் ஓவர்கிளாக்கிங் பக்கத்தின் சிபியு ஃபீச்சர்ஸ், ஹெச்பி அலுவலகக் கணினிகளில் செக்யூரிட்டி பக்கம். பக்கத்திலேயே ‘விடி-டி’ என்று இன்னொன்று இருக்கும். அது கார்டுகளை உள்கணினிக்கு நேரடியாகக் கொடுப்பதற்கானது. அதை மட்டும் திறந்துவிட்டு வேலை முடிந்தது என்று வெளியே வருவது அடிக்கடி நடக்கும் தவறு.

மாற்றியதைச் சேமித்து வெளியேறிய பிறகும் டாஸ்க் மேனேஜர் ‘டிஸேபிள்டு’ என்றே காட்டினால் மனம் தளர வேண்டியதில்லை. இன்டெல் பிராசசரில் இந்த வசதியைக் காக்கும் ஒரு பூட்டு உண்டு. கணினி எழும்போது பயாஸ் அதைத் திறந்தோ மூடியோ பூட்டிவிடும். மறுபடி ரீசெட் ஆகும்வரை விண்டோஸால் அதை அசைக்க முடியாது. சில போர்டுகளில் வெறும் ரீஸ்டார்ட் போதாமல் முழுவதும் மின்சாரத்தை நிறுத்த வேண்டியிருக்கும். ஷட் டவுன் செய்து, பின்பக்க ஸ்விட்சை அணைத்து, வயரைப் பிடுங்கி, சிறிது நேரம் விட்டுச் செருகினால் பலமுறை இது சரியாகிறது. ஷட் டவுன் செய்யும்போது ஷிஃப்ட் பொத்தானைப் பிடித்துக்கொள்வது நல்லது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும் விண்டோஸ் சாதாரண ஷட் டவுனில் முழுதாக இறங்குவதில்லை.

இன்று திறந்தால் நாளை மறுபடி அணைந்திருக்கிறது என்பது வேறொரு நோய். மதர்போர்டில் நாணயம் அளவில் சிஆர்2032 என்ற மூன்று வோல்ட் பேட்டரி இருக்கிறது. கணினிக்கு மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தையும், பல போர்டுகளில் பயாஸ் அமைப்புகளையும் காப்பது அதுதான். ஷிஃப்ட் முடிந்ததும் மெயினையே அணைத்துவிட்டுப் போகும் கம்பெனிகளில் இரவு முழுக்க அந்த பேட்டரி மட்டுமே வேலைசெய்கிறது. அது தீர்ந்தபின் ஒவ்வொரு காலையும் பயாஸ் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும்; வர்ச்சுவலைசேஷன் அணையும். தேதியும் பின்னோக்கிப் போவதால் ஜிஎஸ்டி தளம், வங்கித் தளம் எல்லாம் பாதுகாப்புச் சான்றிதழ் தவறு என்று மறுக்கும். இரண்டு அறிகுறிகளும் சேர்ந்து வந்தால் பேட்டரியை மாற்றினாலே போதும். ஒரு பிளேட் மீல்ஸ் விலைகூட ஆகாத இந்த வேலைக்கு மதர்போர்டு பில் போடப்பட்டால் கேள்வி கேட்கலாம். கேபினெட்டைத் திறக்கும்போது உள்ளே படிந்த பஞ்சைத் துடைத்துவிடுவதும் நல்லது. நிட்டிங் யூனிட்டில் அது மாதக்கணக்கில் மெத்தைபோல் சேர்ந்திருக்கும்.

பயாஸில் அந்த வரி மங்கலாகத் தெரிந்து, தொட்டால் அசையவே இல்லையென்றால், அட்மினிஸ்ட்ரேட்டர் கடவுச்சொல் போடப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. ஐடி நிறுவனங்கள் கழித்துவிட்டு, மொத்தமாக விலைபோய், கைமாறி வரும் அலுவலகக் கணினிகளில் இது அதிகம். சில மாடல்களில் போர்டில் உள்ள ஜம்பரை மாற்றினால் கடவுச்சொல் அழியும். மற்றவற்றில் தயாரிப்பாளரின் சர்வீஸ் சென்டர்தான் திறக்க வேண்டும். அவர்கள் முதலில் கேட்பது வாங்கிய பில்.

விண்டோஸுக்குள் நடக்கும் இழுபறி

பயாஸில் திறந்திருந்தும் இயங்காத கணினிகளில் விண்டோஸின் ஹைப்பர்-வி அந்த வசதியை முதலில் எடுத்துக்கொண்டிருக்கும். யாரும் அதை நிறுவியிருக்க வேண்டியதில்லை. விண்டோஸ் 11-இல் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு இயங்கினாலே பின்னணியில் ஹைப்பர்வைசர் ஓடும். பழைய வர்ச்சுவல்பாக்ஸ் பதிப்புகள் இந்த நிலையில் ‘விடி-எக்ஸ் இல்லை’ என்று பொய்யான காரணம் சொல்லி நின்றுவிடும். 2018 டிசம்பரில் வந்த 6.0-இலிருந்து அது ஹைப்பர்-வி மேலேயே ஓடக் கற்றுக்கொண்டது. அதே வகை மென்பொருளான விஎம்வேர் 2020-இல் 15.5.5 பதிப்பில் அந்த வழிக்கு வந்தது. அப்படி ஓடும்போது வர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலின் அடியில் ஒரு பச்சை ஆமை தெரியும். வேகம் குறைந்திருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. பேட்டர்ன் மென்பொருளுக்கு அந்த வேகமே பல நேரம் போதும்.

ஆமையைத் துரத்த இணையத்தில் எல்லாரும் சொல்லும் வழி மெமரி இன்டெக்ரிட்டியை அணைப்பது. பையர் மின்னஞ்சலும் வங்கிப் பரிமாற்றமும் நடக்கும் கணினியில் அதைச் செய்வது நல்ல பேரம் அல்ல. வர்ச்சுவல் மெஷினுக்கான மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றுவதே முதல் வேலை. சில ஆன்டிவைரஸ்களும் தங்கள் பயன்பாட்டுக்கு இந்த வசதியைப் பிடித்து வைப்பதுண்டு. அவற்றின் செட்டிங்ஸில் அதற்கான தேர்வை அணைத்தால் விடுபடும்.

தயாரிப்பாளர்கள் ஏன் வர்ச்சுவலைசேஷனை அணைத்தே அனுப்பினார்கள் என்பதற்கு ஒரு பின்னணி உண்டு. 2006 ஆகஸ்டில் பிளாக் ஹேட் மாநாட்டில் போலந்து ஆய்வாளர் ஜோவன்னா ருட்கோவ்ஸ்கா ‘புளூ பில்’ என்ற செயல்விளக்கத்தைக் காட்டினார். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸை அதற்கே தெரியாமல் ஒரு வர்ச்சுவல் மெஷினுக்குள் தள்ளி, மேலிருந்து கண்காணிக்கும் தீநிரல் அது. அந்த அச்சம் இன்று பெரிதாக இல்லை. விண்டோஸ் தானே ஹைப்பர்வைசரை ஓட்டும்போது இன்னொன்று அதன் மேலே ஏறிக்கொள்வது கடினம். எனவே வசதியைத் திறப்பது ஆபத்து என்று இப்போது சொல்வதற்கில்லை. ஆபத்துகள் திறக்கும் வழியில் இருக்கின்றன.

பணமும் தரவும் போகும் இடங்கள்

முதலாவது பிட்லாக்கர். புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் வட்டு தானாகவே குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். பயாஸில் சில அமைப்புகளை மாற்றினாலோ பயாஸைப் புதுப்பித்தாலோ, அடுத்த முறை எழும்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். அந்தச் சாவி, கணினியில் முதலில் நுழைந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணினியைத் தயார்செய்து கொடுத்த கடைப் பையன் தன் சொந்த மின்னஞ்சலைப் போட்டிருந்தால், கம்பெனியின் ஸ்டைல் ஃபைல்களும் கணக்குகளும் அவர் மின்னஞ்சலைச் சார்ந்து நிற்கின்றன. பயாஸைத் தொடுமுன் சாவியைத் தாளில் எழுதி வைப்பதும், கணக்கைக் கம்பெனி பெயருக்கு மாற்றுவதும் அவசியம்.

இரண்டாவது பயாஸைப் புதுப்பிப்பது. வர்ச்சுவலைசேஷன் வரியே காணாத சில போர்டுகளில் புதிய பயாஸ் அதைக் கொண்டுவரும். ஆனால் அது கடைசி வழி. எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் போர்டு எழாமலே போகலாம். யுபிஎஸ் இல்லாமலும், மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை அறிவித்த நாளிலும் இதைத் தொடக்கூடாது. கோப்பை போர்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். புதுப்பித்த பயாஸ் பல நேரம் எல்லா அமைப்பையும் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோய்விடும் என்பதால் வர்ச்சுவலைசேஷனை மறுபடி திறக்கவும் வேண்டும்.

மூன்றாவது, ‘ஆன்லைனிலேயே ஆன் செய்து தருகிறேன்’ என்பவர்கள். பயாஸ் திரை விண்டோஸ் எழுவதற்கு முன்னால் வருவது. எனிடெஸ்க் போன்ற செயலிகள் அப்போது ஓடாது. பெரிய நிறுவனங்களின் நிர்வாகக் கருவிகள் சிலவற்றால் தொலைவிலிருந்து மாற்ற முடியும் என்பது உண்மைதான். சாதாரண மேசைக் கணினிக்கு அறிமுகமில்லாத ஒருவர் அப்படிச் சொன்னால் அவர் கேட்பது வர்ச்சுவலைசேஷனை அல்ல, கணினியை. பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணில் உடனே சொல்ல வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். நேரம் கடக்கக் கடக்கப் பணத்தை நிறுத்தி வைக்கும் வாய்ப்பு குறையும்.

உள்ளே ஓடும் எக்ஸ்பியும் ஒரு வாசல்தான். அதற்கு இணைய இணைப்பு தேவையில்லை. வர்ச்சுவல் மெஷினின் நெட்வொர்க்கைத் துண்டித்து, ஒரு பகிர்வுக் கோப்புறை வழியாக மட்டும் ஃபைல்களைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தால் போதும். டாங்கிள் தொல்லைக்கு ‘கிராக்’ பதிப்பு போட்டுத் தருவதாகச் சொல்வதை ஏற்பது குற்றமும்கூட. பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே மென்பொருளைப் பயன்படுத்தினால் ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. உரிமத்தோடு வாங்கியவர் தன் மென்பொருளுக்குக் காப்புப் பிரதி எடுத்துக்கொள்வதை அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது.

வாங்கியவரின் உரிமை

வர்ச்சுவலைசேஷன் இயங்கும் என்று சொல்லி விற்ற கணினியில் அது இயங்கவில்லை என்றால் பரிகாரம் உண்டு. எந்தக் கதவைத் தட்டுவது என்பது வாங்கியவர் யார் என்பதைப் பொறுத்தது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை நுகர்வோராக ஏற்பதில்லை. சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கியவருக்கு மட்டும் விலக்கு தருகிறது. இதன் எல்லையை வரைந்த தீர்ப்பு பக்கத்து ஊரோடு தொடர்புடையது. கோவை பிஎஸ்ஜி இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டிடம் இயந்திரம் வாங்கிய லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் தொடுத்த வழக்கில், 1995-இல் உச்ச நீதிமன்றம் அந்த நிறுவனத்தை நுகர்வோர் அல்ல என்றது. கூடவே, இயந்திரத்தைத் தானே இயக்கிப் பிழைப்பவர், உதவிக்கு ஓரிருவரை வைத்திருந்தாலும் நுகர்வோர்தான் என்று விளக்கியது. வீட்டின் முன்னறையில் ஒரே கணினியை வைத்து ஜாப் ஒர்க்காக பஞ்சிங் செய்து கொடுப்பவர் இந்த விலக்குக்குள் வருவார். நூற்றுக்கணக்கானோர் வேலைபார்க்கும் ஏற்றுமதிக் கம்பெனி பொதுவாக வராது.

அந்தக் கம்பெனிக்கு இருப்பது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். எந்த வேலைக்கு வேண்டும் என்பதை விற்பவருக்குத் தெரிவித்து, அவர் திறமையை நம்பி வாங்கியிருந்தால், பொருள் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே அடங்கிய நிபந்தனை என்கிறது 16-ஆம் பிரிவு. அதே பிரிவில் ஒரு கொக்கியும் இருக்கிறது: குறிப்பிட்ட வணிகப் பெயரைச் சொல்லி அந்தப் பொருளையே கேட்டு வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. ஆகவே மாடல் பெயரை மட்டும் எழுதிய பர்ச்சேஸ் ஆர்டர் வாங்குபவருக்கே பாதகமாக முடியலாம். ‘பழைய கேட் மென்பொருளை வர்ச்சுவல் மெஷினில் ஓட்ட வேண்டும்; பயாஸில் வர்ச்சுவலைசேஷன் திறந்து, கடவுச்சொல் இல்லாமல் ஒப்படைக்க வேண்டும்’ என்று கொட்டேஷனிலேயே ஒரு வரி சேர்த்தால் நிலைமை மாறிவிடும். செகண்ட் ஹேண்ட் கணினிக்கு இந்த வரி இன்னும் முக்கியம். பணம் கொடுக்குமுன் கடையிலேயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டச் சொல்வதற்கு யாரும் தயங்க வேண்டியதில்லை.

பில் தர மறுப்பதும், பழைய பொருளைப் புதியது என்று விற்பதும், குறைபாடுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் 2019 சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறைகள். முதலில் விற்றவருக்கு எழுத்தில் புகார் தர வேண்டும். டாஸ்க் மேனேஜர் வரி, பயாஸில் மங்கிய தேர்வு ஆகியவற்றின் படங்களும் சர்வீஸ் சென்டரின் அறிக்கையும் சான்றாக உதவும். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரையுள்ள வழக்குகளை அது விசாரிக்கும், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. கணினியை பெங்களூரு கடையில் ஆன்லைனில் வாங்கியிருந்தாலும் வாங்கியவர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்திலேயே மனு போடலாம். இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வர வேண்டும். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து மூன்று மாதத்தில், பொருளைச் சோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் அது தள்ளிப்போவது ஊரறிந்தது. நுகர்வோர் வரையறைக்குள் வராத கம்பெனிகள் உரிமையியல் நீதிமன்றத்தை நாட வேண்டும்; அங்கே ஒப்பந்த மீறலுக்கான காலவரம்பு மூன்று ஆண்டு.